சேர்க்கைக்குப் பின் வரும் நூறு நாள்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். செங்கம் வட்டத்தில் உள்ள எங்கள் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு மரப்பட்டறை இருக்கிறது. அதன் வாசலில் பலகை இறக்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். ஆறு மாதம் முன்புவரை என் வணிகவியல் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன். பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 521 மதிப்பெண். சென்னையில் ஒரு கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்தது. பிற்பகல் கல்லூரி, காலையில் வேலை என்று திட்டம். அவன் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைதட்டி அனுப்பி வைத்திருந்தோம்.

“லீவுக்கு வந்தியா தம்பி? எப்போ கிளம்புற?” என்றேன்.

“போகல சார். நின்னுட்டேன்.”

“ஏன், பாடம் புரியலையா?”

“படிப்பு கஷ்டமா இல்ல சார். அங்க இருக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு.”

அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, முதல் மணி அடிக்கும் நேரம். ஆனால் அன்று முழுவதும் அந்த ஒரு வரி என்னை விடவில்லை. என்ன படிக்கப் போகிறாய் என்று அவனிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். எங்கே தங்குவாய், முதல் மாதம் எதைச் சாப்பிடுவாய் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சேர்க்கை கிடைத்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசினேன். அவன் சொன்னதையும், அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களோடு நான் செய்துவரும் ஒரு சிறு பயிற்சியையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். உயர்கல்வி வழிகாட்டியாக இருக்கும் ஆசிரியர்களுக்கு இது பயன்படக்கூடும்.

எங்கே தவறியது?

அவனுடைய திட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. துணிக்கடை ஒன்றின் கிடங்கில் காலை 7 மணி முதல் பகல் 1 மணி வரை சரக்குப் பிரிக்கும் வேலை. 2 மணிக்குக் கல்லூரி. சம்பளத்தில் அறை வாடகை, சாப்பாடு. கல்வி உதவித்தொகை வந்தால் கட்டணத்துக்கு.

முதல் இடி அறை. நான்கு பேர் சேர்ந்து எடுத்த அறைக்கு முன்பணம் கேட்டார்கள். அவன் பங்குக்கு வந்த தொகையை அப்பா வட்டிக்கு வாங்கி அனுப்பினார். இரண்டாவது, வேலை. வகுப்பு தொடங்கிய சில நாளில் ஆடித் தள்ளுபடி. அது முடிந்ததும் தீபாவளிக் கொள்முதல். “இந்த மாசம் மட்டும் சாயந்திரம் வரைக்கும் நில்லுப்பா” என்றார் மேற்பார்வையாளர். மறுத்தால் வேலை போகும், வேலை போனால் அறை போகும். நின்றான். வகுப்புகள் போயின. மூன்றாவது, உதவித்தொகை. அவன் வங்கிக் கணக்கில் ஏதோ இணைப்புச் சிக்கல் என்றார்கள். அதைச் சரிசெய்ய ஊருக்கு வர வேண்டும். வர விடுப்பு இல்லை.

அக்டோபரில் வருகைப் பதிவைக் கணக்கிட்டபோது 75 விழுக்காட்டுக்கு வெகுவாகக் குறைந்திருந்தான். பருவத் தேர்வு எழுத முடியாது என்று தெரிந்த வாரம், தீபாவளிக்கு ஊர் வந்தவன் திரும்பிப் போகவில்லை.

இதில் பாடம் எங்கேயும் தடையாக இல்லை. அறிவும் உழைப்பும் அவனிடம் குறைவாக இல்லை. மூன்று சிக்கலும் முன்கூட்டியே கணிக்கக் கூடியவை. ஆடி மாதம் எப்போது வரும் என்று நமக்குத் தெரியாதா?

ஏன் நூறு நாள்?

கல்லூரியில் முதலாண்டு வகுப்புகள் பெரும்பாலும் ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ தொடங்குகின்றன. அங்கிருந்து தீபாவளி ஏறத்தாழ நூறு நாள் தொலைவு. அந்த நூறு நாளில்தான் எல்லாம் ஒன்றாக வருகிறது: கையில் இருந்த பணம் தீர்வது, ஆங்கில வழிப் பாடம் புரியாமல் விழிப்பது, முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு, வீட்டு நினைவு, முதல் முறையாகத் தனியாகக் காய்ச்சலில் படுப்பது. அரசின் உதவித்தொகைகள் விண்ணப்பம், சரிபார்ப்பு எல்லாம் முடிந்து கைக்கு வருவதும் பெரும்பாலும் இந்த நாள்களுக்குப் பிறகுதான். இதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் படிப்பை முடித்துவிடுகிறார்கள் என்பது எங்கள் பள்ளி அளவில் நான் கண்டது.

ஆகவே இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு தாளில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்கள்:

1. என்ன படிப்பேன்? கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன?
2. எங்கே தங்குவேன்? அது கிடைக்கும்வரை எங்கே இருப்பேன்?
3. பணம் எவ்வளவு வேண்டும், எந்தத் தேதியில் யாரிடமிருந்து வரும்?
4. வேலைக்குப் போவதானால் வாரத்தில் எத்தனை மணி நேரம்?
5. சிக்கல் வந்தால் முதலில் யாரிடம் சொல்வேன்?

முதல் கேள்விக்கு உதவ இன்று ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’ போன்ற திட்டங்கள் இருக்கின்றன, கையேடுகள் இருக்கின்றன. மற்ற நான்கையும் வகுப்பாசிரியர்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. அவன் திரும்பி வந்த மறுஆண்டு ஒரு மாணவியோடு அமர்ந்து இதை எழுதினேன். கரும்பு வெட்டும் குடும்பம். சென்னையில் அரசு மகளிர் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். அவளுடைய தாளை வைத்தே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சான்றிதழும் வங்கிக் கணக்கும்

தாளை எழுதும் முன் ஒரு வேலை உண்டு. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, தொழிற்கல்விக்குப் போகிறவர்களுக்கு முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு முடிவு வந்த பிறகு ஓடினால் அந்த வாரம் ஊரே அங்கேதான் நிற்கும். அரையாண்டுத் தேர்வு விடுமுறை இதற்கு ஏற்ற நேரம். வருமானச் சான்றுக்குக் காலவரம்பு உண்டு என்பதால் அதை மட்டும் மிக முன்னதாக எடுக்க வேண்டாம். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே அதைப் பெற்றிருக்கிறார்களா என்று கேட்டுவிட வேண்டும்.

அடுத்து, பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இல்லை என்று இருக்கும். பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கும்போதே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. பதினைந்து வயதுக்குப் பின் கைரேகை, கருவிழிப் பதிவை ஆதாரில் புதுப்பிப்பது கட்டாயம். பத்தாம் வகுப்பிலேயே முடித்திருக்க வேண்டிய இதைப் பலர் விட்டிருப்பார்கள்.

அவன் சொன்ன ‘இணைப்புச் சிக்கல்’ என்ன என்பதை வங்கியில் விசாரித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்துக் கணக்குத் தொடங்குவது ஒன்று. அரசு அனுப்பும் தொகை ஆதார் எண் வழியாக இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று பதிவு செய்வது இன்னொன்று. முதலாவதைச் செய்தால் இரண்டாவதும் முடிந்தது என்று நம் பெற்றோர் எண்ணுகிறார்கள். இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால், கடைசியாக எதில் இந்தப் பதிவு செய்யப்பட்டதோ அதற்கே பணம் போகும். பயன்படுத்தாமல் முடங்கிய கணக்காக அது இருந்தால் சிக்கல். “நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதார் இணைப்பு ஆகியிருக்கிறதா?” என்று இந்தச் சொற்களிலேயே வங்கியில் கேட்டு வரும்படி மாணவர்களை அனுப்புகிறேன். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

எங்கே தங்குவது?

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறுபான்மையினர் நலத்துறைகள் நடத்தும் கல்லூரி விடுதிகள் மாநிலம் முழுவதும் உள்ளன. 2025 முதல் இவை ‘சமூகநீதி விடுதிகள்’ என்று அழைக்கப்படுகின்றன. தங்குவதும் உணவும் இலவசம். பெற்றோர் வருமான வரம்பு போன்ற நிபந்தனைகள் உண்டு, இடமும் அளவானது. கல்லூரியில் சேர்ந்த அன்றே விடுதி விண்ணப்பத்தைப் பற்றி அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்று தாளில் எழுத வைக்கிறேன். “கூச்சமா இருந்தா இந்தத் தாளைக் காட்டிக் கேளு” என்று சொல்லி அனுப்புகிறேன்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கல்லூரி தொடங்கும் நாளும் விடுதி கிடைக்கும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. இடையில் சில வாரங்கள் விழும். அந்த வாரங்களில்தான் அவசரத்துக்கு யாரோ காட்டிய அறையில் முன்பணம் கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். என் மாணவியின் தாளில் “விடுதி கிடைக்கும் வரை: ஆவடியில் பெரியம்மா வீடு” என்று எழுதியிருந்தாள். பெரியம்மாவிடம் கேட்டாயா என்றேன். இல்லை, ஒத்துக்கொள்வார்கள் என்றாள். அன்று மாலையே அம்மாவைப் பேசச் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள், ஆனால் ஆகஸ்டில் அவர்கள் வீட்டில் ஒரு திருமணம், அதற்குள் இடம் மாற வேண்டும் என்றார்கள். இதை ஏப்ரலில் தெரிந்துகொள்வதற்கும் ஆகஸ்டில் தெரிந்துகொள்வதற்கும் எவ்வளவு வேறுபாடு!

தனியார் விடுதியில் தங்குவதானால் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். முன்பணம் எவ்வளவு, அதில் எவ்வளவு திரும்பி வரும்? காலி செய்ய எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும்? ரசீது தருவார்களா? அங்கிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஒரு வேலைநாள் காலையில் போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்த அரைமணி நேரம் திங்கட்கிழமை ஒன்றேகால் மணி நேரமாகிவிடும்.

பணம் எந்தத் தேதியில் வரும்?

கணக்குப்பதிவியல் நடத்துகிறவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு எளிதாக இருந்திருக்க வேண்டும். கூடியுள்ள வருமானம் வேறு, ரொக்க ஏட்டில் இருக்கும் இருப்பு வேறு என்று ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மட்டும் “அரசு உதவி வரும், பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிடுகிறோம். வரும் என்பது உண்மை. ஜூலை மாதச் சாப்பாட்டுக்கு நவம்பரில் வரும் பணம் உதவாது என்பதும் உண்மை.

என்னென்ன வரும் என்பதை முதலில் பட்டியலிடுகிறோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000, 2022-இல் தொடங்கியது. மாணவர்களுக்கு அதேபோல் தமிழ்ப் புதல்வன் திட்டம்; 2024-இல் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் முதலியவை உண்டு. ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை இருக்கிறது.

பிறகு ரொக்க ஏடு போல மாதவாரியாக எழுதுகிறோம். ஒரே விதி: வராத பணத்தை வந்ததாக எழுதக் கூடாது. தீபாவளி வரை உதவித்தொகைக் கட்டத்தில் பூஜ்யம்தான். முன்னதாக வந்தால் மகிழ்ச்சி.

என் மாணவி எழுதிய செலவு இது. சேரும்போது கட்ட வேண்டியது ரூ.3,500. பெட்டி, பாய், போர்வை, தட்டு, வாளி ரூ.2,600. அப்பாவோடு போய் வர, பிறகு தீபாவளிக்கு வந்து போகப் பேருந்துச் செலவு ரூ.1,600. நோட்டு, புத்தகம் ரூ.1,300. கைப்பேசிக்கு நான்கு மாதத்துக்கு ரூ.1,200. சோப்பு, எண்ணெய் முதலான சொந்தச் செலவு நான்கு மாதத்துக்கு ரூ.1,200. மொத்தம் ரூ.11,400. வீட்டில் திரட்ட முடிந்தது ரூ.7,000. பள்ளம் ரூ.4,400.

அந்த எண்ணைப் பார்த்து அவள் முகம் வாடிவிட்டது. எனக்கோ ஒரு வகையில் நிம்மதி. ஜூலை மாதம் திடீரென்று ரூ.4,400 வேண்டும் என்றால் கந்துவட்டிதான் வழி. ஏப்ரலில் தெரிந்ததால் அம்மா தன் சுயஉதவிக் குழுவில் சொல்லி வைத்து, குறைந்த வட்டியில் வாங்கி, மாதாமாதம் கட்டினார். தொகை ஒன்றுதான், மூன்று மாதம் முன்னால் தெரிந்ததில்தான் வேறுபாடு.

கட்டணம் அதிகமுள்ள படிப்பென்றால் கல்விக் கடன் பற்றியும் அப்போதே பேச வேண்டும். வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் ரூ.4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். தவணை பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகே தொடங்கும். வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே சேரும். இதை மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும்.

வேலைக்கு எத்தனை மணி நேரம்?

பகுதிநேர வேலைக்குப் போகாதே என்று நான் சொல்வதில்லை. அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பல பிள்ளைகள் வீட்டுக்கே பணம் அனுப்ப வேண்டியவர்கள். ஒரு கணக்கு மட்டும் போடச் சொல்கிறேன். பருவத்துக்குச் சுமார் 90 வேலைநாள். 75 விழுக்காடு என்றால் 68 நாள் வந்தே ஆக வேண்டும். 22 நாள்தான் கையில். அதில் காய்ச்சலுக்கு ஐந்து, வீட்டு நல்லது கெட்டதுக்கு ஐந்து போனால் மீதி பன்னிரண்டு. ஆடியும் தீபாவளியும் அந்தப் பன்னிரண்டில் அடங்குமா?

இந்தக் கணக்கைப் பார்த்தபின் மாணவர்களே வேலையைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறுகிறது. பருவகால நெருக்கடி உள்ள கடைகளைவிட, நேரம் நிலையாக இருக்கும் வேலை நல்லது: கல்லூரிக்கு அருகில் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி, அச்சகத்தில் தட்டச்சு, வார இறுதியில் மட்டும் வேலை. முடிந்தால் முதல் பருவத்தில் வேலையே வேண்டாம். இரண்டாம் பருவத்திலிருந்து தொடங்கலாம்.

எச்சரிக்கைகளும் உண்டு. வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் போகக் கூடாது. மூலச் சான்றிதழை எந்த முதலாளியிடமும் கொடுக்கக் கூடாது. கல்லூரியும் சரிபார்த்தபின் மூலச் சான்றிதழைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. சான்றிதழ் கையில் இல்லாதவனுக்கு வேறு வழிக்கு மாற முடியாமல் போகும்.

சம்பாதிப்பதே முதல் தேவை என்றால், அதற்கேற்ற படிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஐ.டி.ஐ. முடித்துத் தொழிற்பழகுநர் பயிற்சியில் சேர்ந்தால் உதவித்தொகையோடு தொழில் கற்கலாம். பாலிடெக்னிக் முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலையில் இருந்தபடியே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கலாம். நகரத்துக்குப் போவதுதான் முன்னேற்றம் என்ற எண்ணத்தையும் நாம் கொஞ்சம் தளர்த்த வேண்டும். எங்கள் மாவட்டத்தில் திருவண்ணாமலையிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அதே பி.காம். அங்கும் இருக்கும்போது, சென்னை எதற்கு என்று ஒரு மாணவரால் காரணம் சொல்ல முடிந்தால் போகட்டும். அந்த மாணவி சொன்னாள்: அவள் கேட்ட பாடப்பிரிவு இங்கே இல்லை. அது போதுமான காரணம்.

யாரிடம் சொல்வேன்?

இந்தக் கேள்விக்குப் பலர் “யாருமில்லை” என்று எழுதுகிறார்கள். வீட்டில் சொன்னால் பயந்து திரும்பி வரச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர்கள் அச்சம். ஆகவே மூன்று பெயர் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன்: வீட்டில் ஒருவர், அந்த நகரத்தில் ஒருவர், பள்ளியில் ஒருவர். நகரத்தில் இருப்பவராக நம் பள்ளியின் முன்னாள் மாணவரே கிடைத்தால் நல்லது. கல்லூரியில் சீண்டல் இருந்தால் புகார் செய்ய 1800-180-5522 என்ற எண்ணையும், பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணையும் தாளின் பின்புறம் எழுதச் சொல்கிறேன்.

பெற்றோரையும் இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும். மாணவியின் அம்மா பள்ளிக்கு வந்தபோது தாளைப் பார்க்கவே விரும்பவில்லை.

“எங்க பொண்ண அவ்ளோ தூரம் அனுப்பிட்டு நான் எப்படி சார் இங்க தூங்கறது?”

“உங்க பயம் நியாயம்தாம்மா. எதுக்குப் பயப்படறீங்கன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க, எழுதிக்குவோம்” என்றேன்.

அவர் நான்கு சொன்னார். பேருந்து நிலையத்திலிருந்து எப்படிப் போவாள்? விடுதியில் யார் பொறுப்பு? உடம்புக்கு வந்தால்? யாராவது ஏதாவது சொன்னால்? நான்கில் மூன்றுக்கு அங்கேயே விடை எழுத முடிந்தது. அப்பாவும் மகளும் மே மாதமே ஒருமுறை கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து கல்லூரி வரை போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவானது. நான்காவதற்கு முழு விடை என்னிடம் இல்லை. “எதுவா இருந்தாலும் திட்டாம கேட்பேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடுங்கம்மா” என்றேன். சற்று நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், “சொல்லுடி, திட்ட மாட்டேன்” என்றார்.

மூன்று தொலைபேசி அழைப்புகள்

கடைசியாக, ஆசிரியர் பக்கத்தில் செய்ய வேண்டியது. கல்லூரி தொடங்கிப் பத்தாம் நாள், நாற்பதாம் நாள், தீபாவளிக்கு முந்தைய வாரம் என மூன்று முறை ஒவ்வொருவரிடமும் பேசுகிறேன். ஐந்து நிமிடம் போதும். “நல்லா இருக்கியா?” என்று கேட்டால் எல்லோரும் “நல்லா இருக்கேன் சார்” என்பார்கள். “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட? இந்த மாசம் எத்தனை நாள் லீவு போட்ட? கையில எவ்வளவு இருக்கு?” என்று கேட்க வேண்டும். நாங்கள் மூன்று ஆசிரியர்கள் பிரித்துக்கொள்கிறோம். விடுபட்டவர்கள் பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசுகிறோம். எங்கும் சேராதவர்களையும் இடையில் நின்றவர்களையும் ‘உயர்வுக்குப் படி’ முகாமுக்கு அழைத்துப் போகிறோம்.

அந்த மாணவிக்கு நாற்பதாம் நாள் பேசியபோது அழுதாள். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் 50-க்கு 11. வகுப்பில் தான் மட்டும்தான் தமிழ் வழி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தாளில் எழுதிய மூன்று பெயர்களில் நகரத்தில் இருப்பவர் யார் என்று கேட்டேன். எங்கள் பள்ளியில் முன்பு படித்த ஒரு செவிலியர். அவர் தன் முதலாண்டுக் கதையைச் சொன்னாராம். விடுதியில் கேட்டுப் பார்த்ததில் அதே அறையில் இன்னும் இருவர் தமிழ் வழி. மூவரும் சேர்ந்து படித்தார்கள். அந்த ஆங்கிலத் தாள் முதல் பருவத்தில் தேறவில்லை. அடுத்த பருவத்தில் எழுதித் தேறினாள். இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள்.

மரப்பட்டறைக்குப் போனவன் இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறான். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்திருக்கிறான், வேலைக்கிடையே மெதுவாகத்தான் நகர்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு நாள் அவனைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு அழைக்கிறேன். முதல்முறை கூப்பிட்டபோது, “நான் தோத்துட்டு வந்தவன் சார், நான் என்ன சொல்றது?” என்று தயங்கினான். வந்து நின்று, ஆடி மாதத்தில் நடந்ததை அப்படியே சொன்னான். வகுப்பு அசையாமல் கேட்டது. ஒரு மாணவன் எழுந்து, “அப்போ அண்ணா, அந்த முன்பணம் திரும்பக் கிடைச்சுதா?” என்று கேட்டான்.

“ரசீது இருந்திருந்தா கிடைச்சிருக்கும்” என்றான்.

நாற்பது பேரும் தாளை எடுத்து, இரண்டாம் கேள்வியின் கீழே ‘ரசீது’ என்று எழுதிக்கொண்டார்கள்.